கவிஞரின் மகள்மார்

தோர்ண்டன் ஹீத்தில் நான் ஏறிய ரயிலில், முன் இருக்கையில் ஒரு தகப்பனும் மகளும் இருந்தார்கள். அவருக்குப் பார்வையில்லை, வெள்ளைத் தடியை மடித்து மடியில் வைத்திருந்தார். மகளுக்கு நாற்பது வயதிருக்கும்.

“அந்தக் கவிஞரின்ர மகள்மாருக்கு அவரைப் பிடிக்காதாம், அப்பா.”

“எந்தக் கவிஞர்?”

“நீங்கள் யாழ்ப்பாணத்தில படிப்பிச்ச இங்கிலிஷ் காவியத்தை எழுதினவர். கண் தெரியாமப் போனாப் பிறகு சொல்லிச் சொல்லி எழுதுவிச்சாரே, அவர்தான்.”

“ஓம். விளங்காத பாசையில இருந்த புத்தகங்களை அந்தப் பிள்ளையளைக் கொண்டு வாசிப்பிச்சவர். பாவங்கள். உனக்கும் கரைச்சலெண்டா விடு பிள்ளை.”

“இல்லை, வாசிக்கிறன். எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியும், எல்லாச் சொல்லும் விளங்காது. அவ்வளவுதான்.”

அவள் கைப்பையிலிருந்து ஒரு பழைய நீலக் கடிதத்தை எடுத்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“உங்கட... சேர்ட்டை... இன்னும்... தோய்க்காமல்... வைச்சிருக்கிறன்.” நிறுத்தினாள். “தோய்க்காமல் எண்டா?”

“கழுவாமல்.”

“அம்மா ஏன் கழுவேல்லை?”

அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எனக்கு இஞ்ச இருக்க விசா கிடைக்கேல்லை. அவவைக் கூப்பிட ஏழு வருசமாச்சுது. என்ர மணம் போயிடும் எண்டு வைச்சிருந்தவ.”

குரோய்டன் வரப்போவதாக அறிவிப்புக் கேட்டது. இறங்குகிறவர்கள் எழுந்தார்கள், இவர்கள் இருவரும் எழவில்லை.

“திரும்ப வாசி, பிள்ளை. இப்ப அவ இல்லை, நீதான் வாசிக்க வேணும்.”

அவள் வாசித்தாள். இம்முறை எழுத்துக் கூட்டவில்லை.