மெதுவாக மாறிய பாட்டு

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஐப்பசி மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. பெசன்ட் நகரிலிருந்து வந்த பஸ் மந்தைவெளியில் நகராமல் நின்றது. முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஒரு ஹோட்டலில் சனிக்கிழமைதோறும் சேர்ந்து நடனப் பாட்டு போடும் டி.ஜே.க்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. ஒருவருக்குத் தாடி. மற்றவர் மடியில் சி.டி. பெட்டி.

"பாட்டு செத்துட்டா உடனே எடுத்துடணும் மச்சி. பொணத்த வச்சிக்கினு அழுதுகினு இருக்கக் கூடாது" என்றார் தாடிக்காரர்.

"அதுக்காக டப்புனு வெட்டுவியா? ஆடறவன் கால் தடுக்கும்டா. அடுத்த பாட்டை அடியில மெதுவா வுட்டு, பழசைக் கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும். எப்போ மாறிச்சுன்னே தெரியக் கூடாது. அதான் மிக்ஸு."

"அவ்ளோ நேரம் இன்னாத்துக்கு நைனா? எனக்கே தூக்கம் வருது."

பெட்டிக்காரர் சிரித்தார். தாடிக்காரர் சிரிக்கவில்லை.

"மச்சி, ஒரு ஆள் போதும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. இந்த சனிக்கிழமைலேர்ந்து நான் மட்டும்தான்."

பஸ் நகர்ந்தது. லஸ் வந்தது.

"போன மாசமே ஹெட்போனை என் கையில குடுக்கறத நிறுத்திட்ட" என்றார் பெட்டிக்காரர். "அப்புறம் போஸ்டர்ல உன் பேரு பெருசாச்சு. போன வாரம் நான் லைட்டு போட்டுக்கினு நின்னேன்."

"டேய், அப்டி இல்லடா..."

"பாட்டைத்தான் வெட்டுவ நீ. என்னை எவ்ளோ நீளமா மிக்ஸ் பண்ணி எறக்கிருக்க பாரு. எப்போ மாறிச்சுன்னே தெரியல மச்சி."