வெடிச்சுப்போன நாலு டயரு

சாவிதான வேணும், இந்தாங்க. பிடிங்க மச்சான். தர மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி இப்படி வந்து டயர ஒரு தடவ பாருங்கன்னுதான் சொல்றேன்.

குனிஞ்சு பாக்கணும். நின்னுக்கிட்டுப் பாத்தா தெரியாது. பக்கவாட்டுல தெரியுதா? குளம் வத்துன சேறு மாதிரி வெடிச்சுக் கெடக்கு. நகத்த வைங்க. உள்ள எறங்குதுல்ல? மேலாக்க மயிரிழை மாதிரி இருந்தாச் சமாளிக்கலாம். நகம் எறங்குச்சுன்னா அந்த டயரு செத்துப்போச்சு. நாலுமே இப்படித்தான்.

இல்லல்ல, ரோட்டுல பதியற பட்டன் நல்லா இருக்குங்கிறத வச்சுச் சொல்லாதீங்க. ஓடித் தேயறது வேற, வெயில்ல காயறது வேற. ரப்பருக்குள்ள ஒரு மெழுகுப்பசை இருக்கு மச்சான். வண்டி ஓடுனாத்தான் அது கசிஞ்சு மேல வந்து காக்கும். ஒரே எடத்துல கெடந்து வெயில் வாங்குனா வறண்டு வெடிச்சிரும். காத்து கொறஞ்சு ஓடுனாலும், மூட்டைய அளவுக்கு மீறி ஏத்துனாலும் அதே கதிதான். பளபளன்னு வரும்னு கடைல எண்ணெய் விக்கிறானே, அதுல சிலது அந்தப் பசையையே தின்னுரும். எம் வீட்டுக்காரரு, உங்க தம்பி முவீம்பா ஆசை ஆசையா அதத்தான் தடவுவாரு. சொன்னா எங்க கேட்டாரு?

எனக்கு எப்படித் தெரியும்னா? நான்தான ஓட்டுறேன். அவரு படுத்த படுக்கையான பிறகு மோன்சே சந்தைக்குத் தக்காளிக் கூடைய யாரு ஏத்திட்டுப் போனா? நீங்களா வந்தீங்க? வாராவாரம் காத்து பாப்பேன். மாமரத்து நிழல்லதான் நிறுத்துவேன். வேலை இல்லாத நாள்லயும் ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து வைப்பேன். வெறும் சோப்புத் தண்ணிதான், வேற எதுவும் டயரு மேல பட விட மாட்டேன்.

அப்புறம் ஏன் வெடிச்சுக் கெடக்குன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். சொல்றேன், அதுக்கு முன்னாடி இதக் கேளுங்க.

அவர அடக்கம் பண்ணுன மறுநாளே லாரி கொண்டாந்தீங்க. சோபா, டிவி, மெத்தை, உழவு மாடு எல்லாத்தையும் ஏத்துனீங்க. குடும்பச் சொத்துன்னீங்க. நான் மூலைல அழுதுக்கிட்டுக் கெடந்தேன். இப்ப வண்டிக்கு வந்து நிக்கிறீங்க. இது போச்சுன்னா எம் புள்ள லுயாண்டோவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, வீட்டுல அடுப்பும் எரியாது. நான் மறுபடி மூலைல போயி உக்காருவேன்னு நெனச்சா அத மறந்துருங்க. போலீஸ் ஸ்டேஷன்ல போயி விசாரிச்சுட்டேன். செத்தவரோட பொண்டாட்டி புள்ளைங்கள விட்டுட்டு அண்ணன் சொத்தத் தூக்கிட்டுப் போறதுக்கு எந்தச் சட்டமும் இல்லையாம்.

சத்தம் போடாதீங்க, வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. பாக்கட்டும், எனக்கென்ன.

ஓட்டிட்டுத்தான் போவேன்னா போங்க. லுசாக்கா வரைக்கும் தார் ரோடு. வருஷத்துலயே கொடுமையான இந்த அக்டோபர் வெயிலுக்கு அடுப்புமேல வச்ச சட்டி மாதிரி கொதிக்கும். எதிர்த்தாப்ல லாரியா வந்துக்கிட்டே இருக்கும். வழியில இருக்குற காஃபுவே பாலம் தாண்ட மாட்டீங்க, அதுக்குள்ள ஒண்ணு வெடிக்கும். நான் பேசாம சாவியக் குடுத்துட்டு உள்ள போயிருக்கலாம். உங்க பொண்டாட்டி புள்ளைங்க மொகம் வந்து நின்னுச்சு, அதான் கூட்டியாந்து காட்டுறேன்.

ம்... ஏன் வெடிச்சுக் கெடக்குன்னு கேட்டீங்கல்ல. இது வண்டியில ஓடுன டயரே இல்ல மச்சான். கோழிக்கூட்டுக்குப் பின்னாடி வருஷக்கணக்கா வெயில்ல கெடந்த பழசு. நேத்து நானே ஜாக்கி வச்சு மாட்டுனேன். நல்ல டயரு நாலும் உங்கம்மா கட்டிலுக்கு அடியில இருக்கு. நீங்க வரப்போறீங்கன்னு எனக்குச் சொன்னதே அவங்கதான். கழட்டி இங்க தள்ளுடி, எம்மேல கைய வச்சு எவன் எடுக்குறான்னு பாக்குறேன்னு சொன்னதும் அவங்கதான். அன்னைக்கு லாரியில அவங்களுக்கு மட்டும் எடமில்லாமப் போச்சுல்ல, அதுலேர்ந்து எங்கூடத்தான் இருக்காங்க. வேணும்னா உள்ள போயிக் கேட்டு எடுத்துக்குங்க. முழிச்சுக்கிட்டுத்தான் படுத்துருக்காங்க.