காலையில் ஓடும் முதல் டெஸ்ட்

— மறுபடியும் ஃபெயில்னு போட்டிருக்கீங்களே அண்ணி!

— ஆபீஸ்ல அண்ணி கிடையாது.

— சரிங்க டெஸ்டர் மேடம். எதுக்கு ஃபெயில்?

— ஃபெயிலானா ஃபெயில்னுதான் போடுவாங்க. பின்ன கொஞ்சவா செய்வாங்க?

— இல்ல, ஒருவேளை உங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது...

— பக்கத்து சீட் மெஷின்லயும் ஓட்டிப் பாத்துட்டேன். அதே கதைதான். டெஸ்ட் ரெக்கார்டிங் புரோகிராமுக்குள்ள முழுசா போகுது, வெளிய குறைஞ்சு வருது.

— குறையத்தான் செய்யும். பேச்சை விட்டுட்டு மத்த இரைச்சலை வெட்டணும்னு கஸ்டமர் கேட்டாங்க, வெட்டுறோம். புரோகிராம் சரி. உங்க டெஸ்ட்தான் பழசு.

— அதனால?

— அந்த ரெக்கார்டிங்கைத் தூக்கிட்டு புதுசா ஒண்ணு வைங்க, பாஸாயிடும். சாயங்காலம் ரிலீஸ் போயிடலாம். நீங்களே மைக்ல ரெண்டு வார்த்தை பேசுங்க, வேலை முடிஞ்சுது.

— தூக்க முடியாது.

— ஏன்?

— அதுல இருக்கறது உங்கண்ணன் குரல்.

— அண்ணி, வேணும்னா ஒரு காப்பி எடுத்து உங்க போன்ல போட்டுத் தரச் சொல்றேன். வீட்ல எப்ப வேணும்னாலும்...

— வீட்ல இருந்தா அது வெறும் ஞாபகம், தம்பி. இங்க இருந்தா உங்கண்ணன் இன்னும் வேலைக்கு வர்ற மாதிரி. அவர் தவறினப்புறமும் தினம் காலையில முதல்ல ஓடறது அவர் குரல்தான். "ஹலோ, கேக்குதா? கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க." கேக்காதவங்க எப்படிச் சொல்றதாம்...

— அண்ணன் அப்படித்தான். எழுதிக் குடுத்ததை என்னைக்குப் படிச்சாரு?

— அதுக்குத்தான் அவர் பின்னாடி நின்னு நான் சிரிச்சேன், அதுவும் பதிவாயிடுச்சு. கெட்டுப்போச்சு, திரும்பப் பேசுங்கன்னேன். "சிரிப்போடதான் இருக்கணும், சிரிப்பு வரலைன்னா ஃபெயில்"னு டெஸ்ட்லயே எழுதி வெச்சுட்டாரு மனுஷன். இத்தனை நாளா பாஸாயிட்டுதான் இருந்துச்சு. இந்த வாரம்தான்...

— சிரிப்பு பேச்சு இல்லையே அண்ணி. இரைச்சல்னு நெனச்சு வெட்டியிருக்கும்.

— சரி, வெட்டட்டும். ஃபேன் சத்தம் ஏன் அப்படியே இருக்கு?

— அது... இன்னும் முழுசா...

— ரோட்ல போற வண்டி ஹார்ன் இருக்கு. யாரோ நாற்காலியை இழுக்கறது கூட இருக்கு. என் சிரிப்பு மட்டும் எப்படிப் போச்சு? இந்த வெட்டுற புரோகிராம் நீ எழுதினதுதானே? சொல்லு. நான் விடமாட்டேன்.

— இன்னைக்கே சரி பண்ணிடறேன், விடுங்களேன்.

— சரி பண்றது அப்புறம். ஏன்னு கேட்டேன்.

— ...வேணும்னுதான் வெட்டினேன் அண்ணி. என் மெஷின்லயும் காலையில முதல்ல ஓடறது அதுதான். அண்ணன் குரலைக் கேட்டாக்கூட எப்படியோ பல்லைக் கடிச்சுட்டு வேலையைப் பாத்துடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, நீங்க சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க... காலையில கேட்ட சிரிப்பு எங்க போச்சுன்னு வீடு முழுக்கத் தேடுற மாதிரி இருக்கு எனக்கு. அதைத்தான் தாங்க முடியல.