பின் சீற்றில் ஒரு சத்தம்

மம்மல் பொழுது, வெளிச்சம் மங்கி இருள்கிற நேரம். கொழும்புத்துறைக்கு வருகிற கரை றோட்டு... ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வெறும் வெளி. வீடு இல்லை. விளக்கு இல்லை.

கரண்ட் வரும்வரை கிட்ட வந்து இருங்கள். இது நான் கட்டிச் சொல்லுகிற கதை அல்ல. எங்கள் லோஜனின் அக்கா புருசன் பிரகலாதனுக்கு நடந்தது. லோஜனே எனக்கு நேரில் சொன்னது.

பெற்றோலுக்கு நாள்கணக்காக வரிசையில் நின்றோமே, அந்த வருசம். பிரகலாதனுக்கு மருதனார்மடத்தில் ஒரு இரும்புக் கடையில் வேலை. மனைவி சுபாஜினி பிள்ளைத்தாய்ச்சி. அதற்கு முன் இரண்டு தரம் வயிற்றிலேயே கலைந்து போயிருந்தது. இந்தப் பிள்ளையையாவது கையில் ஏந்த வேண்டும் என்று அவன் கும்பிடாத தெய்வம் இல்லை. ஓட்டோ பிடிக்க முடியாத காலம். அந்தரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக அவனிடம் இருந்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிளும், வீட்டுக் கோடிக்குள் ஒளித்து வைத்த ஒரு போத்தல் பெற்றோலும்தான்.

அன்று வேலை முடிந்து அந்த றோட்டால் வருகிறான். மதகடியில் ஒரு உருவம் கை காட்டியது. அந்த நாட்களில் கை காட்டினவரை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது. நாளைக்கு நாமும் அப்படித்தானே நிற்போம். நிறுத்தினான். அதே நேரம் போன் அடித்தது. சுபாஜினி. அவள் எடுத்தாலே அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். போனைக் காதில் வைத்தபடி, திரும்பிப் பாராமல், “ஏறுங்கோ” என்றான்.

பின்பக்கம் பதிந்தது. கிறீ... டொக்.

அவள் உப்பு வாங்கி வரச் சொல்லத்தான் எடுத்திருந்தாள். அவன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். கரையில் ஒதுங்கி அழுகுகிற சாதாளைப் பாசியின் மணம் வழி முழுக்கக் கூடவே வந்தது. சந்திக் கடையில் நிறுத்தித் திரும்பினால்... பின்னால் ஒருவரும் இல்லை. எங்கேயோ மெதுவாகப் போனபோது குதித்திருப்பார் என்று நினைத்தான். வேறு என்ன நினைப்பான்?

அடுத்த நாள் தொடங்கியது சத்தம். பள்ளத்தில் விழுந்தால்... கிறீ, டொக். வளைவில் திரும்பினால்... கிறீ, டொக். முதலில் ஏதோ அமர்கிற சத்தம். பிறகு தகரத்தில் நகத்தால் தட்டுகிற மாதிரி ஒன்று. அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது நடு றோட்டில் ஏதாவது உடைந்தால்? அந்த நினைப்பு அவனை நித்திரை கொள்ள விடவில்லை. நட்டுகளை இறுக்கினான். செயினுக்கு ஒயில் விட்டான். ஒவ்வொரு தரமும் ஓடித்தானே பார்க்க வேண்டும்? சத்தத்தைத் தேடி ஓடி ஓடியே பாதிப் போத்தல் தீர்ந்தது.

கடைசியில் ரவுணுக்குள் கராச் வைத்திருந்த மக்பூல் நானாவிடம் போனான். நானாவுக்கு வாய் சும்மா இராது.

“மௌத்தான சைக்கிளை ஏன் தம்பி என்னட்டைக் கொண்டு வாறீர்?”

“நானா, பகிடி விடாதேங்கோ. சுபாவை ஏத்திக்கொண்டு போகோணும்.”

அதற்குப் பிறகு நானா பகிடி விடவில்லை. எஞ்சினை நிறுத்தித் தள்ளிப் பார்த்தார். கிறீ... டொக். அப்படியென்றால் எஞ்சின் இல்லை. ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லைக் கையால் சுழற்றினார். சத்தம் இல்லை. அப்படியென்றால் சில்லும் இல்லை. பிறகு தானே பின்னால் ஏறி இருந்து, பள்ளம் பள்ளமாகப் பார்த்து ஓடச் சொன்னார். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. பிரகலாதனுக்கு உயிர் திரும்பி வந்தது. நானா இறங்கி, “இனித் தனிய ஓடும்” என்றார்.

கிறீ... டொக்.

நானா ஒரு துவிச்சக்கர வண்டியில் பக்கத்தில் வந்து, பின் ஸ்பிரிங்கையே பார்த்தபடி மிதித்தார். திரும்பி வந்து வெகுநேரம் கை துடைத்தார்.

“தம்பி, இது பாரம் ஏறினா வாற சத்தம். நீர் தனியப் போகேக்கை பின் ஸ்பிரிங் பதிஞ்சு கிடக்குது. நான் ஏறினா... எனக்கு இடம் விட்டுக் குடுக்குது.”

“என்ன நானா சொல்லுறியள்?”

“எனக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லை. கண்டதைச் சொல்லுறன். வழியிலை ஆரையும் ஏத்தினனீரோ?”

பிரகலாதன் மதகடியில் நடந்ததைச் சொன்னான்.

“எங்கை போகோணும் எண்டு கேட்டனீரோ?”

“இல்லை.”

“அப்ப அந்த ஆள் இன்னும் இறங்கேல்லை. ஏத்தின இடத்துக்கே கொண்டுபோய், இறங்கச் சொல்லும். வேறை இடத்திலை ‘இறங்கும்’ எண்ட சொல்லைச் சொல்லிப்போடாதையும்.”

அன்று மம்மலுக்கே புறப்பட்டான். மிச்சப் பெற்றோல் முழுவதும் டாங்கிக்குள். பின்னால் அந்தச் சத்தம்... அந்த மணம். மதகு கண்ணுக்குத் தெரிந்த நேரம் போன் அடித்தது.

“என்னப்பா... வயித்துக்கை குத்துது. ரத்தம் படுது. கெதியா வாங்கோ.”

இன்னும் கொஞ்சத் தூரம்தானே, போய்ச் சொல்லிவிட்டே திரும்பியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அவன் இடத்தில் நீங்கள் இல்லை. சைக்கிளைத் திருப்பினான்.

சுபாஜினி பின்னால் ஒரு பக்கமாக ஏறி இருந்தாள். சத்தம் இல்லை. பிள்ளையாரே, பிள்ளையாரே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஓடினான். பாதி வழியில் அவள் கேட்டாள்.

“என்னப்பா... என்ரை மடியிலை என்னத்தை வைச்சனீங்கள்?”

“ஒண்டும் வைக்கேல்லையே.”

“பாரமாக் கிடக்கு... ஈரமாயும் கிடக்கு.”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தான். ஆஸ்பத்திரி வாசலில் பெற்றோல் தீர்ந்து எஞ்சின் தானாகவே நின்றது. அவனுக்கு மூச்சு வாங்கியது. நானா சொன்னது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

“வந்திட்டம் சுபா. இறங்கும்... இறங்கும்.”

அவள் இறங்கினாள். சைக்கிளின் பின்பக்கம் எழும்பியது. அவள் வாசல்படியில் ஏறின பிறகு... இன்னொரு தரம் எழும்பியது.

பிள்ளை தப்பிவிட்டது. ஆண் பிள்ளை. மெலிந்த பிள்ளை என்றாலும் நல்லாக அழுதது. பிரகலாதன் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று பிள்ளையை விடப் பெரிதாக அழுதானாம். சைக்கிளில் சத்தமும் போய்விட்டது. நானா ஒருநாள் றோட்டில் கண்டு, “எங்கை தம்பி இறக்கினீர்?” என்று கேட்டார். இவன் கேட்காதவன் மாதிரிப் போய்விட்டான்.

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டு வளைமரத்தில் ஒரு ஸ்பிரிங்கைக் கொழுவி, பிள்ளையைக் கிடத்தி ஆட்ட சுபாஜினியின் பழஞ்சேலையில் ஏணை கட்டினான். முதல் நாள், பிள்ளை தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்க, வெறும் ஏணை...

கிறீ... டொக்.

ஸ்பிரிங்கை மாற்றினான். கொளுக்கியை மாற்றினான். கயிற்றையும் மாற்றினான். பிள்ளையை உள்ளே கிடத்தினால் மட்டும் சத்தம் இல்லை. ஆனால் அந்தச் சின்னப் பிள்ளைக்கு ஏணை நிலத்தில் முட்டுகிற அளவுக்குப் பதிந்தது. சேலையின் அடி ஈரம். சாதாளை மணம்.

இப்போது அந்தச் சைக்கிள் எப்போதும் றோட்டைப் பார்த்தபடிதான் நிற்கிறது. டாங்கி நிறையப் பெற்றோல். மம்மலானால் பிரகலாதன் ஏணைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, கையைக் கூப்பிக்கொண்டு கேட்பானாம்.

“எங்கை போகோணும்? சொல்லுங்கோ... எங்கையெண்டாலும் கொண்டுபோய் விடுறன். பிள்ளையை மட்டும் விட்டிடுங்கோ.”

ஒருநாள் லோஜனும் பக்கத்தில் நின்றிருக்கிறான். அன்றும் கேட்டுவிட்டுப் பிரகலாதன் எழும்பி, பிள்ளையை வெளியே தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். லோஜன் அத்தானைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. ஏணையையே பார்த்துக்கொண்டு நின்றானாம்.

பிள்ளையைத் தூக்கின பிறகும் ஏணை மேலே எழும்பவில்லை.