நல்ல காலுக்கு இருபது

ஹலோ... ஆமா, அக்காதான். கிளினிக்லேருந்து பேசுறேன். இரு, கதவச் சாத்திட்டு வரேன்... ம். நீ கோச் பண்ற நீளம் தாண்டுற பொண்ணு இப்பதான் படி இறங்கிப் போறா. அவ மறுபடி தாண்டலாம்னு நான் கையெழுத்துப் போடல.

ஆமா, போடல... ஆமா ஆமா, சனிக்கிழமை செலக்சன். எட்டுத் தடவ சொல்லிட்ட.

இல்லடா, மார்க் குறையல. தொண்ணூத்தஞ்சு சதவீதம் வந்துச்சு. அதான் எனக்கு இடிக்குது... கேளு. ஒத்தக் கால்ல நின்னு குதிகாலத் தூக்கி இறக்கணும், அவ்வளவுதான? நல்ல கால்ல இருபதோட முடியலன்னு நிறுத்திட்டா. குதிகாலுக்கு மேல டெண்டன் அறுந்து தச்ச கால்ல பத்தொன்பது. தச்ச கால் நல்ல கால்ல எத்தன சதவீதம்னுதான மார்க்கு, ரெண்டும் கிட்டத்தட்ட சமம். அடடா, என்ன அழகு!

டேய், ஜனவரியில அதே பொண்ணு, அதே பலகை, அதே நல்ல கால்... முப்பத்தாறு! நானே எழுதி வச்சிருக்கேன். அடிபடாத கால் அதுக்குள்ள பாதியாப் போயிடுமா?... காய்ச்சலா? யாருக்கு? சும்மா இரு. இருபதுல கெண்டைக்கால் நடுங்கவே இல்ல. முகத்துல பொட்டு வேர்வை இல்ல.

கேட்டேன். கேக்காம விடுவேனா? அழுதுட்டா. "கோச்தான் நல்ல கால்ல அடக்கி வாசிக்கச் சொன்னாரு"ன்னா.

சீ!... இல்ல, நீ பேசாத. சீ!

வலி இல்லன்னா ஆறிடுச்சா? பாதி பலம்தான்டா இருக்கு அந்தக் கால்ல. முழு வேகத்துல வந்து மிதிச்சா என்ன ஆகும்னு உனக்கு நான் பாடம் எடுக்கணுமா? இன்னொரு தடவ அறுந்தா ஒழுங்கா நடக்கவே வருஷமாகும். பதினேழு வயசுடா அதுக்கு!

வேற டாக்டரா? தாராளமாப் போ. ஜனவரி தாளும் கூடவே வரும்...

என்னது? எல்லாரும் பண்றதுதானா? எல்லாரும்னா யாரு?... மென்னு முழுங்காத. இதுக்கு முன்னாடி யாருக்குச் சொல்லிக் குடுத்த?

...யாரு?

பாப்பாவா?... என் பொண்ணா?

போன மாசம் அவளோட தச்ச கால் டெஸ்டுக்கு... பெத்தவ நானே பாக்கக் கூடாதுன்னு கூட வேல பாக்குறவர்கிட்ட விட்டுட்டு வெளிய உக்காந்திருந்தேன். பாஸுன்னு சொன்னதும் அவளக் கட்டிப் பிடிச்சு அழுதேன். நீ பக்கத்துல நின்னு சிரிச்சியேடா! தாய்மாமன்னு உன்ன நம்பி விட்டேன் பாரு, என்னை நெனச்சா எனக்கே அருவருப்பா இருக்கு.

ஒண்ணும் ஆகலன்னு சொல்லாத. வாய மூடு. எங்க அவ?... மைதானத்துலயா? கூப்பிடு... இல்ல, இப்பவே. விசில் ஊது. ஊதுடா!

...

பாப்பா, அம்மாடா. மூச்சு வாங்கிக்க... கால் எப்படி இருக்கு?... சரி. ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த நல்ல கால்ல உன்னால நெசமா எத்தன முடியும்?... அந்தத் தாள்ல இருக்குறது வேணாம். நெசமா... நான் திட்டல. அழாத. சொல்லு.

...நாப்பதா? அப்ப தச்ச கால் இன்னும் பாதிதான்!

ஷூவக் கழட்டு... கழட்டுடி முதல்ல! யாரு, மாமாவா? அவன் என்ன சொன்னாலும் கேக்காத... இந்த ஒரு ஓட்டம் மட்டும்னா? அதுவும் வேணாம். நான் கிளம்பிட்டேன், பத்தே நிமிஷம், அங்கயே உக்காரு... என்ன விசில் அது? உன்னையா கூப்பிடுறான்?... பாப்பா, போன வைக்காத... வைக்கா...

ஹலோ?... ஹலோ?