மெர்டேக்கா மலரில் வந்த விமர்சனம்

கோப்பியில் சீனி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் ஐயா. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குறை சொல்லாமல் எதையும் குடிக்கவோ கேட்கவோ எனக்குப் பழக்கமில்லை. நான் பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதுகிறவன். கலியாணசுந்தரம் என்றால் எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. 'செவிச்செல்வன்' என்று சொல்லிப் பாருங்கள், ஒதுங்கி வழிவிடுவார்கள்.

பாடகன் தேவதாசின் இசைக்குழுவை ஆளாக்கியவன் நான்தான். கிறிஸ்துவப் பாட்டை அப்படிக் கத்தி யாரும் பாடியதில்லை. மின்சாரக் கித்தார் ஒரு பக்கம் அலறும், டிரம் ஒரு பக்கம் இடிக்கும், நடுவில் இவன் தொண்டை கிழிய ஆண்டவரைக் கூப்பிடுவான். "கர்த்தருக்குக் காது நல்லாத்தான் கேக்குது, தம்பி" என்று பாஸ்டரே கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். முதல் இசைத்தட்டு வந்தபோது தெங்கேராத் தெரு நாய்களெல்லாம் சேர்ந்து குரைத்தன. நான் ஒருவன்தான் 'இது சத்தமல்ல, ஓலம்' என்று எழுதினேன். தாயைப் புதைத்துவிட்டு நேரே ஒலிப்பதிவுக்குப் போனவன் ஐயா அவன். அந்த ஒரு கட்டுரையில் அவனும் பெயர் வாங்கினான், நானும் வாங்கினேன்.

இரண்டாவது தட்டுக்குச் சுதந்திரம் குறுக்கே வந்தது. எங்கள் பத்திரிகை மெர்டேக்கா நாளுக்கென்று சுதந்திர மலர் போட்டது. மலர் சங்கதி உங்களுக்குத் தெரியும், எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வாங்கி அச்சுக் கோத்துவிடுவார்கள். கொடியேற்றத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட கட்டுரையே கொடி ஏறுவதற்கு முன்னால் தயாராகிவிட்டது. ஆகவே நானும், தேவதாஸ் பாடுவதற்கு முன்பே விமர்சனத்தை அனுப்பிவிட்டேன். 'எல்லாவற்றையும் இழந்தவனின் கதறல்' என்று தலைப்பு. நல்ல தலைப்பு.

அப்புறம்தான் புதுப் பாட்டுகளைக் கேட்க வீட்டுக்குக் கூப்பிட்டான். போனால், புது மனைவி விஜயா பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறாள், இவன் பல்லெல்லாம் தெரியப் பாடுகிறான்.

"அழுகை எங்கப்பா?" என்றேன்.

"அழுதாச்சுண்ணே. இந்த வாட்டி கர்த்தர் சிரிக்கச் சொல்றாரு."

ஓடிப்போய் ஆசிரியருக்கு டிரங் கால் போட்டேன். "பக்கம் கட்டியாச்சு சார், ஓர் எழுத்தும் மாத்த முடியாது" என்று வைத்துவிட்டார்.

நீங்களே யோசியுங்கள். நாடு முழுக்க வாசிக்கப்போகிற மலர். ஒரு தேசம் பிறக்கும் நாளிலேயே வாசகனுக்குப் பொய் சொல்லலாமா? விமர்சனம் மாறாது, ஆகவே பாட்டுதான் மாற வேண்டும். பழையபடி அழுது பாடு என்று கெஞ்சினேன், சிரித்தான். அவனிடம் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கித்தார் இருந்தது. கித்தார் போய்விட்டால் எதை வைத்துப் பாடுவான்? நான் அவ்வளவு இரக்கமில்லாதவன் அல்ல.

ஒலிப்பதிவுக்கு அவன் சிங்கப்பூர் புறப்படுகிற வாரம், அவன் சர்ச்சுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். விஜயா குறையே சொல்ல முடியாத பெண். என் பழைய விமர்சனத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். "வாங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க" என்றாள். நான் வாங்கிப்போன ரோஸ் சிரப்பை நானே கரைத்துக் கொடுத்தேன். அவளுடைய கிளாஸில் மட்டும் எலி மருந்தும் கலந்தேன். "ஒரு மாதிரி இருக்குண்ணே" என்றாள். ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். மரியாதை தெரிந்தவள்.

டாக்டர் காலரா என்றார். ஊரும் நம்பியது. பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன், தோள் இன்னும் வலிக்கிறது. அடக்கம் முடிந்து தேவதாஸ் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறியபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

மலர் வந்தது. பின்னாலேயே தட்டும் வந்தது. ஊசியை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தேன். கத்தல் இல்லை. டிரம் இல்லை. 'என் விஜயா உம்முடைய மடியில் சுகமாக இருக்கிறாள், நன்றி கர்த்தாவே' என்று தாலாட்டு மாதிரிப் பாடியிருக்கிறான். குழந்தைக்குச் சோறூட்டுகிற குரல். மற்றப் பத்திரிகைகள் 'தெய்வீக அமைதி' என்று தூக்கி வைத்து ஆடுகின்றன. என்னைச் செவிட்டுச்செல்வன் என்கிறார்கள். செமாபோக் கோப்பிக்கடையில் என் முகத்துக்கு நேரே சிரித்தார்கள், ஐயா. எவ்வளவு அவமானம் தெரியுமா?

அதற்காகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆதியிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு ஏன் என்னையே பார்க்கிறீர்கள்? என் புகாரைப் பதியுங்கள். கட்டியவள் செத்து, கல்லறை மண்கூடக் காயவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் பாடியிருக்கிறான். இப்படிப்பட்ட கல்நெஞ்சக்காரனை இன்னும் ஏன் வெளியே விட்டுவைத்திருக்கிறீர்கள்?