வெயிலில் அடித்த மணி

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை ராடோ அவர்களே, திராட்சைத் தோட்ட வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருக்கும் என் ஊர்மக்களே, வணக்கம். நாற்பது ஆண்டுகளாக இந்தத் தேவாலயத்தில் மணி அடிக்கும் ஆல்பின் நான். பேசிப் பழகியவன் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிலோய்கா டீச்சர் நம்மை விட்டுப் போய்விட்டார். நம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவர், பள்ளி மாடியில் காற்றழுத்தமானி வைத்து முப்பது ஆண்டுகள் வானத்தைக் கவனித்தவர், ஞாயிறு தவறாமல் இங்கே முழந்தாளிட்டவர். நம் மிலோய்கா டீச்சர்!

அட்ரியாடிக் கடலிலிருந்து கருமேகம் நம் பிர்தா குன்றுகளில் ஏறினால் மணி அடிப்போம். எல்லோரும் உள்ளே வந்து ஜெபிப்போம். ஓசை பட்டால் ஆலங்கட்டி மழை கலைந்துவிடும் என்பது நம் நம்பிக்கை. அப்படி அடிக்கும்போதுதான் என் தந்தை மின்னல் தாக்கி, கயிற்றைப் பிடித்தபடியே இறந்தார். பிறகு அதே கயிற்றை நான் பிடித்தேன். எனக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று டீச்சருக்குப் பயம். அடிக்காதே என்று ஒருநாளாவது சொன்னாரா? இல்லை. மேகம் வருமுன்பே அடித்துவிட்டு இறங்கிவிடு என்றுதான் கெஞ்சினார். இல்லாத மேகத்தை எப்படி விரட்டுவது என்று நான் சிரித்தேன்.

அந்த ஜூன் மாத மதியத்தை நினைத்தால் இன்றும் கனவில் நடப்பது போலிருக்கிறது. வெயில் வெள்ளையாகத் தேங்கி நின்றது. ஓர் இலை அசையவில்லை. ஊரே ஏணி சாத்திச் செர்ரி பறித்துக்கொண்டிருந்தது. டீச்சர் மூச்சிரைக்கக் கோபுரத்தடிக்கு வந்தார்.

"ஆல்பின், இப்பவே மணியடி. கருவியில முள்ளு சரசரன்னு இறங்குது, புயல் வரப்போகுது."

"வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு டீச்சர். எதைப் பாத்து அடிக்கிறது?"

"ஞாயித்துக்கிழமை எதைப் பாத்து மண்டி போடுற? இன்னிக்கு ஒருநாள் என்னையும் அப்படி நம்பு."

யோசித்துப் பாருங்கள்! சாமி கும்பிடுகிற நான் கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்று நிற்கிறேன். கருவியைப் பார்க்கிற அவர் நம்பச் சொல்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அடித்தேன். அசையாத அந்த வெயிலில் ஓசை மெல்ல மெல்லக் குன்று குன்றாகப் போனது. ஆல்பினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஏணியில் நின்றே திட்டினீர்கள். ஆனாலும் மணிக்குக் கட்டுப்பட்டு உள்ளே வந்தீர்கள்.

நான் இறங்கிக் கதவைச் சாத்திய பிறகுதான் இருட்டியது. கோபுரத்தில் இடி விழுந்து கயிறு கருகியது. கோழிமுட்டை அளவில் ஆலங்கட்டி விழுந்து திராட்சை முழுவதும் போயிற்று. மணி கைவிட்டுவிட்டது என்று அழுதோம். தன் தோட்டத்தையும் இழந்த டீச்சரும் அழுதார். ஆனால் நம்மில் ஒருவர் தலையில்கூடக் காயமில்லை.

என்னைக் காப்பாற்றியது சாமியா, கருவியா என்று அவரிடம் கேட்டேன்.

"கருவி என்கிட்ட சொல்லுச்சு. நான் சொன்னா இவங்க மரத்தை விட்டு இறங்குவாங்களா? மணி சொல்லுச்சு, இறங்கினாங்க. ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமே, ஆல்பின்."

இனி ஓடிவந்து சொல்ல அவர் இல்லை. அந்த இழப்பை எப்படித் தாங்குவேன் என்று தெரியவில்லை. அவருடைய கருவியைக் கயிற்றுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். தினமும் ஜெபம் முடித்து அதைப் பார்ப்பேன். முள் இறங்கினால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அடிப்பேன். கிறுக்கன் என்று தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் திட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடுங்கள்.